சந்தனத்தில் ஆறு கோடு

முன்னொரு காலத்தில், சுவரில் முள் சுற்றும் கடிகாரமெல்லாம் வராத நாளில், ஒரு ராஜாவுக்கு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று ஆசை வந்தது.

ஆசை வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அவர் ராஜா என்பதால் சட்டம் போட்டார். உச்சிநேரச் சேகண்டி அடித்த பிறகுதான் அரசர் இலையில் கை வைப்பார். அதற்கு முன்னால் ஒரு பருக்கையும் தொடமாட்டார். சொன்ன சொல் தவறாதவர் என்று அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் பல வருஷமாக ஒரு போரும் வரவில்லை, அந்தப் பெயரைக் காட்ட வேறு இடமும் இல்லை. சாப்பாட்டில் காட்டினார்.

அரண்மனைக்கு எதிரே பேரேரி. அரண்மனைப் படித்துறையில் ஒரு நாலுகால் மண்டபம். அங்கே பெரிய கொப்பரை நிறையத் தண்ணீர் இருக்கும். தண்ணீர் மேல் ஒரு செப்பு வட்டில் மிதக்கும். வட்டிலின் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே கீழிருந்து மேலாகப் பத்துக் கோடு. ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி, ஒவ்வொரு கோடாக நனைத்து, பத்தாவது கோடும் நனைந்ததும் வட்டில் முழுகும். அது ஒரு நாழிகை. உடனே நல்லப்பன் சேகண்டியை ஒரு தட்டு தட்டி, வட்டிலை எடுத்து மறுபடி மிதக்க விட்டு, ஒரு புளியங்கொட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளி வைப்பார். சூரியன் உதித்ததிலிருந்து பதினைந்து கொட்டை தள்ளினால் உச்சி. அப்போது மட்டும் மூன்று தட்டு. முப்பது வருஷமாக நல்லப்பனுக்கு இதுதான் வேலை.

மண்டபத்தின் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. அதில் எழுதியிருந்தது: "தளவாய் வீரசிங்கர் பேரேரியை ஆறு கோட்டில் நீந்திக் கடந்தார். நாட்டின் புகழுக்காக." கல்லின் பின்பக்கத்திலும் எழுத்து உண்டு. அதை யாரும் படித்ததில்லை. அங்கே ஆடு கட்டுவார்கள்.

ஏரிக்கு அந்தக் கரையில் பரிசல்காரர் மூக்கன் குடும்பம் இருந்தது. அவர் மகள் செம்பாயி. பதினைந்து வயது. தினமும் விடிந்ததும் ஏரிக்குள் இறங்கி அல்லியும் தாமரையும் பறித்து, அப்பாவின் பரிசலில் இந்தக் கரைக்கு வந்து, அரண்மனைப் பூசைக்குக் கொடுத்துவிட்டுப் போவாள். தரையில் நடக்கிறபோது அவளை யாரும் கவனிப்பதில்லை. தண்ணீரில் இருக்கிறபோது கவனிக்க ஆளில்லை.

அன்றைக்குப் பூவைக் கொடுத்துவிட்டு மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா பரிசலில் ஆள் ஏற்றிக்கொண்டு மதகுப்பக்கம் போயிருந்தார். நல்லப்பன் பன்னிரண்டாவது புளியங்கொட்டையைத் தள்ளிவிட்டு வட்டிலைத் தண்ணீரில் விட்டார். அந்த நேரத்தில்தான் செம்பாயிக்கு ஞாபகம் வந்தது.

"ஐயையோ!" என்று எழுந்தாள். "கூழு!"

"என்ன கூழு?"

"அடுப்புல வச்சிட்டு வந்துட்டேன் தாத்தா! ஆத்தா களையெடுக்கப் போயிருக்கு!"

சேலையை இழுத்துச் செருகினாள். ஏரிக்குள் பாய்ந்தாள். அவ்வளவுதான்.

நல்லப்பனுக்கு வட்டிலைப் பார்ப்பதும் ஏரியைப் பார்ப்பதும் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது. அவர் வட்டிலைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். மறுபடி வட்டிலைப் பார்த்தார். அந்தக் கரையில் ஒரு சின்ன உருவம் படியேறி ஓடியபோது வட்டிலில் ஐந்தாவது கோடு நனைந்துகொண்டிருந்தது.

முப்பது வருஷத்தில் முதல்முறையாக நல்லப்பன் நிதானம் இழந்தார். கையிலிருந்த கட்டையால் சேகண்டியை மூன்று தட்டு தட்டிவிட்டார்.

அரண்மனையில் ராஜா இலை முன்னால் உட்கார்ந்தார்.

இலையில் ஒன்றும் விழவில்லை. சமையல்காரர் ஓடி வந்து, "மகாராஜா, அரிசி இப்போதுதான் உலையில் விழுந்தது. உச்சிக்கு இன்னும் இரண்டரை நாழிகை இருக்கிறது" என்றார். ராஜா இலையைப் பார்த்தார். பிறகு எழுந்து, பின்னால் சபையே வர, படித்துறைக்கு நடந்தார்.

செம்பாயியை மறுபடி ஏரி தாண்டி அழைத்து வந்தார்கள். இந்த முறை பரிசலில், இரண்டு பக்கமும் ஈட்டிக்காரர்களோடு. மூக்கன் துடுப்பு போட்டார். அவள் வலது கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நல்லப்பன் நடந்ததைச் சொல்லி முடித்தார். சபை முழுவதும் கல்லைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் தளவாயைப் பார்த்தது. தளவாய் வீரசிங்கர் மீசையைத் தடவிக்கொண்டு ஏரியைப் பார்த்தார். அவருக்குப் பதிலாகப் பேச அவருடைய நண்பர் இருந்தார். ஓலைநாயகம் தாண்டவராயர். நாட்டில் நடக்கிற எல்லாவற்றையும் ஓலையில் எழுதுகிற தலைமை அதிகாரி. அவர் ஓலையில் எழுதாதது நடக்கவில்லை என்பது அவருடைய எண்ணம்.

"மகாராஜா," என்றார் தாண்டவராயர். "இது நீச்சல் அல்ல. நனைதல்."

"எப்படி?"

"நீச்சல் என்றால் முன்கூட்டி நாள் குறிக்க வேண்டும். முரசு அறைய வேண்டும். வட்டிலுக்கு அபிஷேகம் நடக்க வேண்டும். தளவாய் நீந்திய அன்று பால், தேன், சந்தனம் என்று ஒன்பது பொருளால் கொப்பரை நிறைந்திருந்தது. இன்று என்ன இருந்தது? வெறும் தண்ணீர்! வெறும் தண்ணீரில் வட்டிலை விட்டுவிட்டு ஐந்து கோடு என்றால் எப்படி? எருமைகூடத் தினமும் இந்த ஏரியைக் கடக்கிறது. அதற்கும் கல்லில் இடம் கொடுப்பதா?"

"அதற்கு இடம் இருக்காது," என்றது ஒரு குரல். "கல்லில் ஏற்கனவே தளவாய் இருக்கிறார்."

சபையில் நாலைந்து பேர் இருமினார்கள். பேசியவர் விகடர் அம்பலத்தாடி. சபையைச் சிரிக்க வைப்பது அவருக்கு வேலை. தான் சிரிப்பது வேலையில் சேராது என்பதால் சிரிக்கமாட்டார். நெடுநெடுவென்று ஒல்லியாக, எப்போதும் பசித்தவர் போல இருப்பார்.

தளவாய் முதல்முறையாக வாயைத் திறந்தார். "மகாராஜா, கல்லின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்."

ஆட்டை அவிழ்த்தார்கள். தாண்டவராயர் குனிந்து படித்தார். "ஏரியைக் கடந்ததாகப் பொய்ப்பெருமை கொண்டவரும் அவர் குடும்பமும் இனி இந்த ஏரியில் கால் நனைக்கலாகாது."

செம்பாயிக்குக் காதில் ஏரி முழுவதும் புகுந்தது போல இரைந்தது. "நான் பெருமையே கொள்ளலீங்களே சாமி!" என்றாள். "கூழு அடிப்பிடிச்சிரும்னுதான் நீந்தினேன்! நானா ஒண்ணும் சொல்லல. தாத்தாதான் சொன்னாரு!"

"சேகண்டி ஊருக்கே சொல்லிவிட்டது," என்றார் தாண்டவராயர். "இனி அது உண்மையா பொய்யா என்பதுதான் கேள்வி. நல்லப்பனுக்கோ வயதாகிவிட்டது. கண்ணில் பூ விழுந்திருக்கிறது."

"கண்ணுல பூ விழல. பூவு அவ கூடையிலதான் இருந்துச்சு," என்றார் நல்லப்பன். யாரும் கேட்கவில்லை.

ராஜா கொஞ்ச நேரம் யோசித்தார். பசி நேரத்தில் வரும் யோசனை. "ஒருவர் ஐந்து என்கிறார். ஒருவர் நனைதல் என்கிறார். ஒருவர் எருமை என்கிறார். மனிதர் வாயை நான் இனி கேட்கப்போவதில்லை. வட்டிலே வந்து சாட்சி சொல்லட்டும். வட்டில் சொல்வதுதான் தீர்ப்பு."

"வட்டில் எப்படிப் பேசும் மகாராஜா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதை அம்பலத்தாடி பார்த்துக்கொள்வான். பேச்சில் எருமைக்கே இடம் பார்த்தவன் அல்லவா?"

"உத்தரவு," என்றார் அம்பலத்தாடி. "ஒரே ஒரு சந்தேகம். வட்டில் சொன்ன பிறகு அதை யாரும் மறுக்கக் கூடாது. மகாராஜா உட்பட."

"மறுக்கமாட்டேன். சொன்னது சொன்னதுதான்."

தளவாய் நடுவில் வந்தார். "அப்படியானால் நாளைக்கே இந்தப் பெண் மறுபடி நீந்தட்டும் மகாராஜா. முறைப்படி. வட்டில் பார்த்துக்கொள்ளட்டும்." பேசிக்கொண்டே அவர் செம்பாயியின் சேலை மடிப்பைப் பார்த்தார். "கையை ஏன் மறைத்திருக்கிறாய், பெண்ணே?"

"ஈரங்க," என்றாள் செம்பாயி.

தளவாய் மீசைக்குள் சிரித்தார். "நாளைக்கே," என்று மறுபடியும் சொன்னார்.

ராஜா சரி என்றுவிட்டார். எல்லோரும் கலைந்தார்கள். அம்பலத்தாடி மட்டும் தாண்டவராயரின் பின்னாலேயே போனார்.

"ஓலைநாயகமே, அந்த ஒன்பது அபிஷேகப் பொருள் என்னென்ன?"

தாண்டவராயர் விரல் மடக்கிச் சொன்னார். பால், தயிர், நெய், தேன், பஞ்சாமிர்தம், அரிசிமாவு, மஞ்சள், சந்தனம், விபூதி.

"எவ்வளவு எவ்வளவு?"

"அபிஷேகத்துக்கு அளவு கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். எவ்வளவு அதிகமோ அவ்வளவு மரியாதை."

"அதை அப்படியே ஓலையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எனக்கு மறதி அதிகம்."

தாண்டவராயருக்கு எழுதச் சொன்னால் பிடிக்கும். எழுதிக் கொடுத்தார். முத்திரையும் குத்தினார்.

மண்டபத்தில் நல்லப்பன் வட்டிலைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, குதிரைவால் மயிர் ஒன்றை ஓட்டைக்குள் விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். தினமும் செய்கிற வேலைதான். ஒரு தூசி அடைத்தாலும் நாழிகை தப்பிவிடும்.

"பாவம் இந்தப் புள்ள," என்று வாய்க்குள் பேசினார். "என் கண்ணுல பூ விழுந்துச்சாம். அன்னிக்குத் தளவாய் நீந்தின மறுநாப் பூரா உக்காந்து இந்த ஓட்டையைக் குடைஞ்சது யாரு? நானா அவரா?"

அம்பலத்தாடி நின்றார். "என்ன சொன்னீர்?"

"ஒண்ணுமில்ல சாமி. பழைய கதை."

"பழைய கதைதான் எனக்குச் சோறு. மறுபடி சொல்லும்."

நல்லப்பன் மறுபடி சொன்னார். அம்பலத்தாடி அந்தக் குதிரைமயிரை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். பிறகு நேராகப் போய் மூக்கனின் பரிசலில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்கே சாமி போகணும்?" என்றார் மூக்கன்.

"உங்க வீட்டுக்கு. கூழ் மிச்சம் இருக்குமா?"

பரிசல் நடு ஏரிக்கு வந்தது. வெயில் சாய்ந்திருந்தது. மூக்கன் அந்தப் பக்கம் திரும்பித் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தார். செம்பாயி அப்பாவின் முதுகைப் பார்த்தாள், அம்பலத்தாடியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சாமி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாவுக்குத் தெரியக் கூடாது."

"சொல்லு. எனக்கு மறதி அதிகம்."

அவள் சேலைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து விரித்தாள். உள்ளங்கை முழுவதும் கொப்புளம். நடுவில் ஒன்று உடைந்து சிவந்திருந்தது.

"போன வேகத்துல பானையை வெறுங்கையால இறக்கிட்டேன். அப்ப தெரியல. இப்பத் தண்ணி பட்டாலே உயிர் போவுது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்கு நான் எப்பிடிச் சாமி நீந்துவேன்? ஒத்தக் கையால அக்கரை போய்ச் சேர்றதே பெருசு. அந்தத் தளவாய் பாத்துட்டாரு. அதான் நாளைக்கே நாளைக்கேன்னு நிக்கிறாரு."

அம்பலத்தாடி குனிந்து அந்தக் கையைப் பார்த்தார்.

"நான் கல்லு கேக்கல, பேரு கேக்கல. ஒண்ணுமே கேக்கல சாமி. எங்கப்பாவுக்குத் தரையில நடக்கவே வராது, நீங்க பாத்திருக்கீங்களா? ஆடி ஆடித்தான் நடப்பாரு. தண்ணியில இருந்தாத்தான் நேரா இருப்பாரு. ஏரியில கால் வைக்கக் கூடாதுன்னா அவரு எங்க போவாரு? நான் எங்க போவேன்? எல்லாம் ஒரு பானைக் கூழுக்கு." கண்ணைத் துடைக்க அந்தக் கையையே தூக்கினாள், சுருக்கென்றது, இடது கையால் துடைத்துக்கொண்டாள். "ராத்திரி எங்கயாச்சும் ஓடிரலாமான்னு தோணுது."

"ஓடாதே," என்றார் அம்பலத்தாடி. "நாளைக்கு நீந்து. ஆனா மெதுவா."

"மெதுவாவா?"

"எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா. நடுவுல பூ இருந்தா ஒண்ணு ரெண்டு பறிச்சுக்கோ. அவசரப்பட்டா காரியம் கெட்டுடும்."

செம்பாயி அவரையே பார்த்தாள். இவருக்குப் பித்து பிடித்திருக்கிறதா, அல்லது இவரும் தளவாய் ஆளா என்று அவளுக்குத் தெரியவில்லை. கரை வந்ததும் அம்பலத்தாடி இறங்கிப் போய், அடிப்பிடித்த கூழை வெங்காயம் கடித்துக்கொண்டு இரண்டு சட்டி குடித்தார். தீய்ந்த வாசனை நன்றாக இருக்கிறது என்று செம்பாயியின் ஆத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஊரே படித்துறையில் நின்றது. நல்லப்பன் பதினாலு புளியங்கொட்டையைத் தள்ளிவிட்டார். மிச்சம் ஒன்றுதான். இந்தக் கடைசி நாழிகைக்குள் நீச்சலை முடித்துவிட்டு, உச்சிச் சேகண்டி கேட்டு, ராஜா சாப்பிடப் போவதாக ஏற்பாடு. அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து எண்ணெய்க் கத்திரிக்காய் வாசனை வந்துகொண்டிருந்தது.

தாண்டவராயர் வெள்ளிக் கிண்ணங்களை எதிர்பார்த்து நின்றார். தளவாய் நீந்திய அன்று அபிஷேகப் பொருளெல்லாம் கிண்ணங்களில்தான் வந்தன. அம்பலத்தாடி குடங்களில் கொண்டுவந்தார்.

கொப்பரையிலிருந்த தண்ணீரில் பாதியை இறைத்துக் கொட்டச் சொன்னார். இரண்டு குடம் பால் போயிற்று. ஒரு குடம் தயிர். நெய் உருக்கி ஊற்றினார்கள். தேன் ஒரு பானை. பஞ்சாமிர்தத்தை இருவர் அண்டாவோடு தூக்கிக் கவிழ்த்தார்கள். அரிசிமாவைக் கூடையிலிருந்து கொட்டிக் கட்டி தட்டாமல் கிளறினார்கள். மஞ்சள், விபூதி. கடைசியில் நாலு பேர் இரவு முழுக்க அரைத்த சந்தனம், உருண்டை உருண்டையாக.

"கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே," என்றார் தாண்டவராயர்.

அம்பலத்தாடி குரலை உயர்த்தினார். "மகாராஜாவின் வட்டிலுக்குச் செய்கிற மரியாதை அதிகம் என்கிறாரா ஓலைநாயகம்?" மடியிலிருந்து ஓலையை எடுத்தார். "எவ்வளவு அதிகமோ அவ்வளவு மரியாதை. முத்திரைகூட இருக்கிறது."

ராஜா திரும்பிப் பார்த்தார். "மரியாதையில் குறை வைக்காதீர்கள், தாண்டவராயரே."

"இல்லை மகாராஜா. போதாது என்றுதான் சொல்ல வந்தேன்," என்றார் தாண்டவராயர். இன்னொரு கூடை சந்தனம் வந்தது.

நல்லப்பன் வட்டிலை வைத்தார். அது மிதந்தது என்று சொல்வதைவிட உட்கார்ந்தது என்று சொல்வது பொருத்தம். முரசு அறைந்தார்கள்.

செம்பாயி தண்ணீரில் இறங்கினாள். வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு இடது கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளிப் போனாள். பின்னால் தளவாயின் ஆட்கள் சிரிப்பது கேட்டது.

"என்னடி, ஏரியைத் துழாவுறியா?"

"யம்மாடி, அக்கரைக்கு இன்னிக்குள்ள போயிருவியா?"

அவளுக்குப் பாதி ஏரியில் மூச்சு முட்டியது. மல்லாந்து மிதந்தாள். வானத்தைப் பார்த்துக்கொண்டே, இதுதான் கடைசித் தடவையோ என்று நினைத்தாள். இந்தத் தண்ணீரில் இனி முகம் கழுவக்கூட முடியாதோ. அந்த நினைப்பு வந்ததும் மறுபடி திரும்பிக் கையை வீசினாள். பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டது போலிருந்தது. ஒரு எருமை, கொம்பும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய, அவளைத் தாண்டிப் போயிற்று. கரையில் ஊரே கைதட்டியது. எருமைக்குத்தான்.

ஒருவழியாக அந்தக் கரையைத் தொட்டாள். மூக்கன் அவளைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். மகளின் கையை அப்போதுதான் பார்த்தார். துடுப்பு போடும் வேகம் குறைந்தது.

இந்தக் கரையில் தளவாய் கல்லின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். "மகாராஜா, நேரத்தைப் பார்க்கவே வேண்டாம். எருமை முந்திவிட்டது. நாடே பார்த்தது."

"நாடு பார்த்தது சாட்சி அல்ல," என்றார் அம்பலத்தாடி. "மனிதர் வாய் வேண்டாம், எருமை வாயும் வேண்டாம். வட்டில் சொல்லட்டும். நல்லப்பரே, எத்தனை கோடு?"

நல்லப்பன் குனிந்து வட்டிலுக்குள் பார்த்தார். விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒரு கோடா?"

"ஒரு கோடும் இல்லீங்க. உள்ள ஒரு சொட்டு ஏறல. காஞ்சு கெடக்கு."

அம்பலத்தாடி அரசரை வணங்கினார். "மகாராஜா, மூக்கன் மகள் செம்பாயி பேரேரியை ஒரு கோடும் ஆகாமல் கடந்திருக்கிறாள். புறப்பட்டபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். நடுவில் மிதந்து வானம் பார்த்ததெல்லாம் இதில் அடங்கும்."

"அதெப்படி!" என்று கத்தினார் தளவாய். "அரை நாழிகைக்கு மேல் நீந்தினாள்! நானே பார்த்தேன்!"

"தளவாய்க்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது," என்றார் நல்லப்பன். இந்த முறை எல்லோரும் கேட்டார்கள்.

ராஜாவுக்குத் தலை சுற்றியது. "சாப்பிட்டுவிட்டு வந்து இதைப் பேசலாம்," என்று எழுந்தார்.

"எப்படி மகாராஜா?" என்றார் அம்பலத்தாடி பணிவாக. "இன்னும் உச்சி ஆகவில்லையே."

ராஜா கொப்பரையைப் பார்த்தார். பதினைந்தாவது புளியங்கொட்டை இந்தப் பக்கமே இருந்தது. வட்டில் சந்தனத்தின் மேல் அசையாமல் வீற்றிருந்தது. ஒரு ஈ அதன் விளிம்பில் நடந்துபோயிற்று.

"வட்டில் சொல்வதை மறுக்கமாட்டேன் என்று நேற்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்," என்றார் அம்பலத்தாடி.

ராஜா உட்கார்ந்தார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். தலைக்கு நேரே இருந்த சூரியன் மெல்ல மேற்கே நகர்ந்தது. நிழல்கள் பக்கம் மாறின. சமையல்காரர் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். இன்னொருமுறை வந்து, கத்திரிக்காய் ஆறிவிட்டதாகச் சொன்னார். மூன்றாவது முறை வரவில்லை. ராஜாவின் வயிறு ஒரு சத்தம் போட்டது. பக்கத்திலிருந்த அமைச்சர் அதைக் கேட்காதது போல ஏரியைப் பார்த்தார்.

செம்பாயி ஈரச் சேலையோடு படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நேற்றிலிருந்து முதல்முறையாக, தன்னைவிட அதிகமாகப் பயந்த ஒரு முகத்தைப் பார்த்தாள். அது தாண்டவராயருடையது.

ராஜா அவரைத்தான் கூப்பிட்டார். "தாண்டவராயரே, இங்கே வாரும். இப்போது நேரம் என்ன?"

"மகாராஜா..."

"உச்சி ஆயிற்றா, ஆகவில்லையா? ஆகவில்லை என்றால் நான் பட்டினி. ஆயிற்று என்றால் வட்டில் பொய். எது?"

தாண்டவராயர் சூரியனைப் பார்த்தார். வட்டிலைப் பார்த்தார். தளவாய் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அரசரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரில் அரசருக்குப் பசி அதிகம்.

"உச்சி ஆகி இரண்டு நாழிகை போயிருக்கும் மகாராஜா," என்றார் தாண்டவராயர். "ஓட்டையில்... சந்தனம் அடைத்திருக்கிறது."

"சந்தனம் அடைத்தால்?"

"தண்ணீர் ஏறாது. நேரம்... குறைவாகத் தெரியும்."

"நேற்று?" என்றார் அம்பலத்தாடி.

"நேற்று வெறும் தண்ணீர். அடைக்க ஒன்றும் இல்லை."

"தளவாய் நீந்திய அன்று?"

தாண்டவராயர் நல்லப்பனைப் பார்த்தார். நல்லப்பன் மடியிலிருந்து குதிரைவால் மயிரை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

அம்பலத்தாடி அரசர் பக்கம் திரும்பினார். "மகாராஜா, வட்டில் சாட்சி சொல்லிவிட்டது. சந்தனம் பூசினால் மரியாதைக்காகப் பொய் சொல்வேன், தண்ணீரில் விட்டால் உண்மை சொல்வேன் என்கிறது. இந்த ஏரியில் அது உண்மை சொன்னது ஒரே ஒரு நீச்சலுக்குத்தான். ஐந்து கோடு. இன்று இந்தப் பெண் எருமைக்குப் பின்னால் வந்தது கை வெந்ததால். நேற்று தளவாய்க்கு முன்னால் வந்தது கூழுக்காக."

ராஜா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு சந்தனத்தில் வீற்றிருந்த வட்டிலைப் பார்த்தார். அதன் விளிம்பில் இப்போது இரண்டு ஈக்கள் இருந்தன. அரசருக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. அப்புறம் அவர் வெடித்துச் சிரித்தார். சபையும் சிரித்தது, படித்துறையும் சிரித்தது. தளவாய் மட்டும் சிரிக்கவில்லை.

"வீரசிங்கரே," என்றார் ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேண்டுமானால் நாளைக்கு வெறும் தண்ணீரில் ஒருமுறை நீந்திக் காட்டும்."

"எனக்கு ஜலதோஷம் மகாராஜா," என்றார் தளவாய்.

ராஜா கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார். அம்பலத்தாடி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மகாராஜா, மாலையைப் பிறகு கும்பிட்டுக்கொள்கிறேன். இப்போது சேகண்டி அடிக்க உத்தரவு கொடுங்கள். நேற்றுக் குடித்த கூழ் எனக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது."

"என் பக்கத்து இலை உனக்குத்தான்," என்றார் ராஜா.

நல்லப்பன் பதினைந்தாவது புளியங்கொட்டையைத் தள்ளி வைத்து மூன்று தட்டு தட்டினார். அன்று அந்த நாட்டில் உச்சிப்பொழுது கொஞ்சம் தாமதமாக வந்தது.

செம்பாயியைக் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார். அவள் கல்லைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பின்பக்க எழுத்து எங்களுக்கு இல்லைதானே?" என்று கேட்டாள். இல்லை என்றார். "அது போதுங்க," என்றாள். அரண்மனை வைத்தியர் கைக்குக் களிம்பு போட்டார். மூக்கன் படித்துறையில் ஆடி ஆடி நடந்துபோய்ப் பரிசலில் ஏறி நேராக நின்றார்.

கல்லில் இருந்ததை அழித்துவிடலாம் என்றார்கள். வேண்டாம், அதுவும் நடந்ததுதான் என்று ராஜா தடுத்துவிட்டார். சிற்பி வந்து மேல்வரியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து, கீழே ஒரு வரியைப் புதிதாக வெட்டினார். தாண்டவராயரே பக்கத்தில் நின்று ஒரு சொல் விடாமல் சொல்லிக்கொடுத்தார்.

"தளவாய் வீரசிங்கர் பேரேரியை ஆறு கோட்டில் நீந்திக் கடந்தார். சந்தனத்தில். நாட்டின் புகழுக்காக.

மூக்கன் மகள் செம்பாயி பேரேரியை ஐந்து கோட்டில் நீந்திக் கடந்தாள். தண்ணீரில். கூழுக்காக."